தரங்கம்பாடிக் கோட்டை: உள்ளே ஒரு மணி, வெளியே மூன்று மணி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, வேன் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார்: "பக்கத்துலதானே தரங்கம்பாடி, கோட்டையைப் பார்த்துட்டு வந்துடலாம்." பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகப் பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்குவார்கள். உச்சி வெயில். வாசலில் ஒரு படம், மதில் மேல் ஒரு படம், கடல் பின்னால் தெரியும்படி இன்னொன்று. மேலே அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து வெளியே வரப் பத்து நிமிஷம். "உள்ள ஒண்ணுமில்லப்பா, பழைய பீங்கானும் எலும்பும்தான்" என்று சொல்லியபடியே படியிறங்குவார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சென்னை எழும்பூர் போலவோ தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் போலவோ எதிர்பார்த்து வந்தால் இந்த அருங்காட்சியகம் ஏமாற்றத்தான் செய்யும். பொருள்கள் குறைவு. விளக்க அட்டைகள் சுருக்கம். ஆனால் சிற்றூர் அருங்காட்சியகம் என்பது வேறு வகை. எழும்பூரில் இருக்கும் செப்புத்திருமேனி எங்கிருந்தோ வந்தது. இங்கே இருக்கும் பீங்கான் துண்டு இதே மண்ணில், இதே தெருவில் புழங்கியது. அந்தத் தெரு இன்னும் இருக்கிறது. ஐந்து நிமிஷம் நடந்தால் போய் நிற்கலாம். அதனால் இந்த அத்தியாயம் கோட்டைக்குள் ஒரு மணி நேரமும் கோட்டைக்கு வெளியே மூன்று மணி நேரமும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நேரத்தைத் திருப்பிப் போட்டால் இரண்டும் கெடும்.

எப்போது போவது, எப்படிப் போவது

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் வழியாக வரும் பேருந்துகள், சிதம்பரம்–காரைக்கால் தடத்தில் ஓடும் பேருந்துகள் இரண்டும் வசதி. மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயிலே வந்துகொண்டிருந்தது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். காரில் வருகிறவர்கள் வண்டியைக் கோட்டை வரைக்கும் கொண்டுபோவார்கள். என் யோசனை, நகர வாயிலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊருக்குள் நடந்துதான் நுழைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். முதல் தடவை நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் வெள்ளிதான் விடுமுறை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை நாள்களோடு குழப்பிக்கொண்டது என் தப்பு. மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் மூடும் வழக்கமும் உண்டு. பண்டிகை நாளை ஒட்டிப் போவதாக இருந்தால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோட்டை பத்து மணிக்குத்தான் திறக்கிறது என்பதற்காக நீங்களும் பத்து மணிக்கு வர வேண்டாம். ஏழரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கடற்கரையையும் கோயிலையும் முடித்துக்கொண்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு அருங்காட்சியகம். அதன் பிறகு தெருக்கள். அருங்காட்சியகம் நடுவில் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே பார்த்ததை வெளியே தேட வேண்டும். பார்க்காமல் தேட முடியாது. தொப்பி, தண்ணீர், சில்லறை, ஒரு சின்ன டார்ச். கோட்டையின் கீழ்த்தள அறைகளில் டார்ச் கட்டாயம் வேண்டும்; கைப்பேசி வெளிச்சம் மூலைக்கு எட்டாது.

சீட்டில் எழுதி எடுத்துப்போக வேண்டிய நான்கு வருஷங்கள்

வரலாறு முழுவதையும் படித்துவிட்டு வரச் சொல்லவில்லை. நான்கு வருஷங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்: 1620, 1669, 1706, 1845.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானின் தூதராக வந்த கடற்படைத் தளபதி ஓவே கெடேவுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. டேனியர்கள் உண்மையில் குறிவைத்து வந்தது இலங்கையை. கண்டி அரசருக்குப் போர்த்துக்கீசியரை எதிர்க்க உதவி வேண்டும் என்று ஒருவர் கோபன்ஹேகன் வரைக்கும் போய்ச் சொன்னதை நம்பிக் கப்பல் ஏறினார்கள். அங்கே போனபோது அந்தக் கதை எடுபடவில்லை. அதே சமயம் முன்னால் அனுப்பப்பட்ட ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைச் சோழமண்டலக் கரையருகே போர்த்துக்கீசியர் அழித்துவிட, உயிர் தப்பியவர் நாயக்கர் அரண்மனையில் போய் நின்றார். இலங்கையில் கிடைக்காதது தஞ்சாவூரில் கிடைத்தது: மிளகு வாங்க அனுமதி, கடலோரத்தில் ஓர் ஊர், கோட்டை கட்ட உரிமை. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலை வடிவில் அடித்த தங்கத் தகடு. அதைப் பார்க்க நீங்கள் டென்மார்க்தான் போக வேண்டும். சிற்றூர் அருங்காட்சியகங்களின் தலைவிதி அப்படி.

1669 என்ற வருஷத்தைப் பெரும்பாலான கையேடுகள் விட்டுவிடுகின்றன. எனக்கோ இந்த ஊரின் கதைகளிலேயே பிடித்தமானது அதுதான். ஐரோப்பாவில் போர், கையில் காசில்லை, 1650இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லக்கூட ஆள் வரவில்லை. ஏறத்தாழ 29 வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் கிடையாது. இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள் தளபதி ஆனார். உள்ளூர்ப் படையாள்களை வைத்துக்கொண்டு, கடலில் போகும் கப்பல்களைப் பிடித்து, அந்த வருமானத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, நாயக்கருடைய ஆள்களிடமிருந்து கோட்டையைக் காத்தார். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தது. கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. மதில் மேல் நிற்கும்போது ஒரு நிமிஷம் கடலைப் பாருங்கள். வருஷக்கணக்கில் பார்த்தவரை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர், வந்தவர்கள் ஜெர்மானியப் பாதிரியார்கள். அவர்களைப் பற்றித் தெருவில் பேசுவோம்.

1845இல் விற்பனை. வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் டேனியர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

1620இலிருந்து 1845 வரை 225 வருஷம். விளக்க அட்டையில் "டேனியர் காலம்" என்று இரண்டே சொல்லில் இருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும். 1800இல் செய்த பொருளையும் நேற்றுச் செய்த பொருளையும் ஒரே அலமாரியில் வைத்து ஒரே பெயர் சூட்டுவது போன்றது அது.

கோட்டைக்குள்

டேனியர்கள் வைத்த பெயர் டான்ஸ்போர்க். ஊர்க்காரர்களுக்கு டேனிஷ் கோட்டை. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அதிகாரிகள் தங்கும் பயணியர் விடுதியாக இருந்தது. 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்களும் பழுதுபார்ப்பில் பங்கெடுத்தார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. இப்போது அந்தப் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராக மேலே ஏறுவார்கள். நீங்கள் முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். வளைவுக் கூரையிட்ட அறைகள்: சரக்கு வைக்க, வெடிமருந்து வைக்க, படையாள்கள் இருக்க, கைதிகளைப் போட. மேலே கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். ஒரே கட்டடத்தில் மேலே ஆட்சியும் கீழே மூட்டையும். கம்பெனி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படம் கிடையாது. கல்லூரிப் பாடத்தில் பத்துப் பக்கம் படித்துப் புரியாதது அந்தப் படிக்கட்டில் புரியும்.

1708 கடைசியில் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். அடைத்தவர் டேனியத் தளபதி. அரசர் அனுப்பிய பாதிரியாரை அரசருடைய தளபதியே சிறைவைத்தார். கம்பெனி வியாபாரத்துக்கு மதப்பிரசாரம் இடைஞ்சல் என்று நினைத்ததுதான் காரணம். வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்ற எண்ணத்தோடு ஊருக்குள் நுழைந்திருந்தால், அதைக் கீழ்த்தளத்திலேயே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

மேலே பீங்கான், சீனத்துத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருள்கள், டேனிஷ் காகிதங்கள், வாள், குத்துவாள், ஈட்டி, சுடுமண் உருவங்கள், சுதைச் சிற்பங்கள், மரவேலைப்பாடுகள், கல் விளக்குகள், சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், பெரிய அரைவைக் கற்கள், ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மூன்றைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிஷம் நில்லுங்கள். என் தேர்வு இது; உங்களுக்கு வேறு பிடித்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தேயிலைச் சாடி. டென்மார்க்காரன் தமிழ்நாட்டில் கட்டிய கோட்டையில் சீனத்துச் சாடிக்கு என்ன வேலை? 1732இல் புதிதாகத் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனிக்குப் பெரிய லாபம் வந்தது தரங்கம்பாடியிலிருந்து அல்ல, சீனத்துக் கான்டனிலிருந்து. கோபன்ஹேகனுக்குப் போன தேயிலையில் டேனியர்கள் குடித்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி இங்கிலாந்துக்குக் கள்ளத்தனமாகப் போனது, அங்கே தேயிலைக்கு வரி அதிகம் என்பதால். 1784இல் இங்கிலாந்து அந்த வரியை வெகுவாகக் குறைத்ததும் கள்ளக்கடத்தலின் லாபம் விழுந்தது. மிளகுக்காகவும் துணிக்காகவும் கட்டிய கோட்டை, தேயிலைக் கணக்கின் ஓரத்தில் ஒரு சின்ன வரியாக ஆகிப்போன கதையை அந்தச் சாடி சொல்லும். அட்டையில் இது எதுவும் இருக்காது.

இரண்டாவது, காசு. டேனியர்கள் இங்கே அடித்த சில்லறை நாணயங்கள், தொடக்கத்தில் ஈயத்தில், பிறகு செம்பில். ஒரு பக்கம் அரசரின் பெயரெழுத்துகள் பின்னிப் பிணைந்த முத்திரை. பெயர் நம்முடையது: காசு என்பதைத்தான் அவர்கள் காஸ் என்று எழுதினார்கள்; பணம் என்பது ஃபானோ ஆயிற்று. 80 காசு ஒரு ஃபானோ, 8 ஃபானோ ஒரு ரூபாய். பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தால் இங்கே ஒரு கணக்குக் கொடுங்கள்: பன்னிரண்டரை லட்சம் ரூபாய் எத்தனை காசு? எண்பது கோடி. அரசன் அந்நியன், நாணயம் அடித்தவன் அந்நியன்; சந்தையில் புழங்குவதற்குப் பெயர் மட்டும் தமிழாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. கீரை விற்ற கிழவிக்கு கோபன்ஹேகன் அரசனின் முத்திரையைப் பற்றிக் கவலையில்லை, ஈயம் தேய்ந்திருக்கிறதா என்பதுதான் கவலை. முத்திரையின் வளைவுகளைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அதே மாதிரியான முத்திரையை வேறொரு இடத்தில் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, அரைவைக் கல். இதைக் கடந்துபோகாதவர்கள் குறைவு. ஆட்டுக்கல்லின் பெரியண்ணன் போலிருக்கிறதா, சுண்ணாம்பு அரைக்கும் கல் போலிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்து முடிவுக்கு வாருங்கள். எதை அரைத்திருந்தாலும் அதைச் சுற்றியவன் டேனியன் அல்ல.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் இல்லாதவர்கள் யார் என்று பார்ப்பதும் பார்வையில் சேர்த்தி. துணி நெய்தவர் இல்லை. அலையைத் தாண்டிச் சரக்கைக் கப்பலுக்கு ஏற்றிய கட்டுமரக்காரர் இல்லை. பேரம் முடித்துக் கொடுத்த துபாஷி இல்லை. அவர்கள் விட்டுப்போன பொருள் கண்ணாடிக்குள் வைக்கும் தரத்தில் இல்லை என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்ததன் விளைவு அது. இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் இந்தக் கேள்வியோடு ஒரு சுற்று வாருங்கள். பொருள்களை எண்ணிப் பார்ப்பதைவிட அதிகம் தெரியவரும்.

திமிங்கில எலும்பு பிள்ளைகளுக்கு. அவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள், நிற்கட்டும். கேள்வி கேட்டால் பணியாளரிடம் அனுப்பிவையுங்கள். "ஐயா, இது எங்க ஒதுங்குச்சு?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டால், அதுவரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் கேட்டால் "அட்டையில எழுதியிருக்கு சார்" என்பார். சிற்றூர் அருங்காட்சியகத்தில் பாதிச் செய்தி பணியாளர்களின் வாயில்தான் இருக்கிறது. அதை வாங்கச் சுற்றுலாப்பயணியின் அவசரம் உதவாது. எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்பதற்கு இடம்கொடுத்தால் போதும். படம் எடுக்கலாமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"முதல்" என்ற சொல்லைக் கண்டால்

தரங்கம்பாடியில் பல பலகைகளில் "முதல்" என்ற சொல் வரும். முதல் அச்சகம், முதல் தமிழ்ப் புத்தகம், முதல் இது, முதல் அது. ஊர்ப்பாசம் கொண்ட எவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதில் குற்றமில்லை. நீங்கள் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சானது 1578இல், கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்'. அது சீகன்பால்கு பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பு. ஆனால் அந்தப் பழைய அச்சுமுயற்சி நீடிக்கவில்லை. தரங்கம்பாடியில் 1712–13இல் தொடங்கியது நின்று நிலைத்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் ஏற்படுத்திப் பார்த்தார்கள். யார் முதலில் என்ற சண்டையைவிட, காகிதம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கிய சங்கதி எனக்குச் சுவையாகப் படுகிறது.

ஊர்ப்பெயர் விஷயமும் இதே மாதிரிதான். அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாத் தாள்கள் எழுதும். தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்பது ஆயர்பாடியில் வரும் பாடி. குடியிருப்பு என்று பொருள். அலை இங்கே பாடவில்லை, அடிக்கிறது. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றிருக்கிறது. அலைக்கும் அந்தப் பெயருக்கும் என்ன உறவு என்று யோசித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

தெருவில்

காலையிலேயே பார்த்திருக்க வேண்டியது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பாதிக்கு மேல் கடல் கொண்டுவிட்டது. அலை பின்வாங்கும்போது கற்கள் தெரியும். டேனியர் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இங்கே துறைமுகமும் வணிகரும் கோயிலும் இருந்ததற்கு அந்தக் கற்கள்தான் சாட்சி. கோட்டை அருங்காட்சியகம் கதையை 1620இல் தொடங்குவது போன்ற ஒரு மயக்கத்தைத் தரும். காலையில் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த மயக்கம் வராது.

கோட்டைக்கு எதிரே திடலைக் கடந்தால் ராஜ வீதி. பலகைகளில் கிங்ஸ் ஸ்ட்ரீட். புது எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள்: மகுடம், அதன் கீழே நான்காம் ஃபிரெடரிக் அரசரின் பின்னிய பெயரெழுத்து, 1718. காசில் கண்ட அதே வகை முத்திரை. ஒன்று கீரைக்காரியின் மடியில் கிடந்தது, இன்னொன்று கோயில் நெற்றியில். கோட்டைக்குள் அந்த முத்திரையை நின்று பார்த்திராவிட்டால் இது ஏதோ பூவேலைப்பாடு என்று போய்விடுவீர்கள். ஆலயம் கட்டி முடித்த மறு வருஷமே, 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு காலமானார். முப்பத்தேழு வயது நிரம்பவில்லை. உள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். வழிபாட்டு நேரமாக இருந்தால் காத்திருங்கள். பக்கத்தில் இருக்கும் சீயோன் ஆலயம் 1701இல் வந்தது. அது டேனியர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இரண்டு ஆலயங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடை, யார் எதில் வழிபட்டார்கள் என்பதில் இருக்கிறது: ஒன்று கம்பெனிக்காரர்களுக்கு, மற்றது தமிழ்ச் சபைக்கு.

அட்மிரல் தெருவில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம் சீர்செய்து 2017இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. கோட்டையில் கிடைக்காத விளக்கங்கள் இங்கே கிடைக்கும். அங்கே பொருள் உண்டு, கதை குறைவு. இங்கே கதை உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வது அதனால்தான். அவர் மணலில் எழுத்துப் பழகியதும், தமிழ்ச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்குப் பட்டியல் எழுதியதும், தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய நூல் ஒன்றரை நூற்றாண்டு அச்சேறாமல் கிடந்ததும் சுவாரசியமான செய்திகள். நான் மறுபடி மறுபடி தேடுவது அழகப்பன் என்ற துபாஷியை. டேனிஷ், போர்த்துக்கீசியம், டச்சு, ஜெர்மன் நான்கும் தெரிந்தவர். சீகன்பால்குக்குத் தமிழ் வசப்பட்டதில் அவருக்குப் பெரிய பங்கு. கோட்டையின் கண்ணாடிப் பெட்டியில் இல்லை என்று சொன்னேனே, அந்த ஆள்களில் பெயர் தெரிந்த ஒருவர்.

தெருக்களில் இனி அவசரம் வேண்டாம். ஓட்டுக்கூரைத் திண்ணை வீடுகளும் தூண் வைத்த ஐரோப்பிய வீடுகளும் பக்கம் பக்கமாக நிற்கும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை இந்த ஊர் மீனவக் குப்பத்தைச் சூறையாடியது. அதன் பிறகு நடந்த மறுசீரமைப்பில் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பொற்கொல்லர் தெரு போன்ற இடங்களில் பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே எடுத்துக்கட்டியது. பூசிப் புதுப்பித்த சுவரையும் உதிரும் சுவரையும் அருகருகே பார்த்தால், சுண்ணாம்பு எங்கே, சிமெண்ட் எங்கே என்று கண்ணுக்குப் பழகிவிடும். மக்கள் குடியிருக்கும் வீடுகள் இவை. எட்டிப் பார்க்காதீர்கள். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தால் "பாட்டி, உள்ள வரலாமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் தண்ணீரும் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

நகர வாயில் 1792இல் கட்டியது. அப்போது கவர்னராக இருந்தவர் பீட்டர் ஆங்கர் என்ற நார்வேக்காரர். ஓவியம் தீட்டத் தெரிந்தவர். இந்தப் பக்கத்து ஊர்களையும் கோயில்களையும் அவர் வரைந்த படங்கள் இன்று ஆஸ்லோவில் இருக்கின்றன. தங்க ஏடு கோபன்ஹேகனில், ஓவியங்கள் ஆஸ்லோவில், மிஷன் கடிதங்கள் ஹாலேயில். ஊருக்கு மிஞ்சியது கோட்டையும் பீங்கானும். அருங்காட்சியகம் சிறியது என்று குறைசொல்பவர்களுக்கு இதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு செய்தி, சமையலறைக்கு. 1768இல் மிஷன் மருத்துவராக இங்கே வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக். தாவரங்களுக்கு இரட்டைப்பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் வரும் 'கேனிகி' இவர்தான். ஆயிரம் வருஷமாக நாம் தாளித்துக்கொண்டிருந்த இலைக்குத் தரங்கம்பாடி டாக்டரின் பெயர்.

நேரம் மிச்சமிருந்தால்

தில்லையாடி மூன்று நான்கு கிலோமீட்டர்தான். தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். 1915இல் காந்தி இந்தப் பக்கம் வந்தார். நினைவு மண்டபத்தில் அரை மணி போதும். தெற்கே காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமும், அதற்கும் தெற்கே நாகப்பட்டினம் டச்சுக்காரர்களிடமும் இருந்தன. ஒரே கடற்கரைச் சாலையில், ஒரே நாளில், மூன்று நாட்டு வியாபாரிகளின் ஊர்களைத் தொட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குத் தரங்கம்பாடி மட்டும்.

மாலை நான்கு மணி வாக்கில், பேருந்துக்குக் கிளம்பும் முன், கோட்டை மூடியிராவிட்டால் மறுபடி ஒரு தடவை மேலே ஏறுங்கள். பணியாளருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும். நேராகப் போய் அந்தத் தேயிலைச் சாடியின் முன்னால் நில்லுங்கள். படியில் பட்டுப்புடவைக் கூட்டம் ஒன்று ஏறி வரும். "உள்ள என்ன இருக்கு?" என்று உங்களிடம்தான் கேட்பார்கள்.